சான்றோருக்கு வழி

"என்ர மெரூன் ஸ்வெட்டர் எங்க, மருதா?"

மூன்றாவது முறையாகக் கேட்டேன். இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தாகிவிட்டது. வீட்டின் மொத்தத் துணியும் கட்டில்மேல் கிடந்தது. அதில் ஸ்வெட்டர் இல்லை.

மருதாம்பாள் அடுப்படியில் இருந்தாள்.

"உன்னையத்தான் கேக்கறேன்."

"குடுத்துட்டனுங்க."

"ஆருக்கு?"

"வெறகுக்கார மூக்கம்மாளுக்கு."

"என்னையக் கேக்காமயா?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

காலிப் பெட்டியை இன்னொரு முறை கவிழ்த்துப் பார்த்தேன்.

"முழங்கைல கிழிஞ்சு நான் நீல நூல்ல இழை ஓட்டுன ஸ்வெட்டருங்க அது," என்றாள். "அதப் போட்டுட்டு மேடையில நிக்கப் போறீங்களா? கோட்டு இருக்குதல்ல."

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் கோபத்தை உடனே கீழே வைக்க முடியவில்லை. குன்னூரில் அன்று பகலில் நான் "சான்றோர்" என்ற சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு முன்பாகக் கொஞ்சம் கத்திவிட்டேன்.

அவள் ஏழு மணிக்கு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"தையலுக்கு நேரமாச்சுங்க. எட்டு மணி பஸ்ஸ உட்றாதீங்க."

பக்கத்து ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், ஒரு வீட்டில் அவள் தையல் தைப்பதாகச் சொல்லியிருந்தாள். நானும் அப்படித்தான் நம்பினேன். விரல் நுனிகள் கறுத்திருந்ததை ஒருநாள் கேட்டேன். வாழைப்பூ ஆய்ந்ததாகச் சொன்னாள். எங்கள் வீட்டில் மூன்று மாதமாக வாழைப்பூ வாங்கவில்லை. அது எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சமயம் நான் அகராதியில் "சா" வரிசையில் இருந்தேன்.

எங்கள் தேயிலை ஃபேக்டரியை ஜனவரியில் மூடினார்கள். இரண்டாயிரமாவது வருடம் பிறந்த கையோடு. ஏலத்தில் எங்கள் தூளை எடுக்க ஆளில்லை. நான் அங்கே ஹெட் கிளார்க்காக இருந்தேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லக்கூட யாரும் வரவில்லை. தோட்டத்தை ஹட்டிக்காரர்கள் சிலர் குத்தகைக்கு எடுத்தார்கள். லைனில், கூலியாட்களின் வரிசை வீடுகளில், இருந்தவர்கள் மறுநாளே அவர்களுக்கு இலை பறிக்கப் போனார்கள். ஸ்டாஃப் நாங்கள் போகவில்லை. ஸ்டாஃப் இலை பறிப்பதில்லை. சுமை தூக்குவதில்லை. காய்கறிப் பையைக்கூட லைன் ஆள் யாராவது தூக்கி வருவார்கள். நாங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு முன்னால் நடப்போம். வேலை போன பிறகும் கை பின்னால்தான் இருந்தது. பைக்குள்தான் காய்கறி இல்லை.

மகள் சுவாதி கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி நர்சிங் படித்தாள். அவள் படிப்பு நிற்காமல் இருக்க எனக்கு ஒரு வேலை வேண்டும். ஐம்பத்திரண்டு வயதில் அதைத் தருவதற்கு ஒரே ஒருவர்தான் இருந்தார். சிவகுரு. குன்னூரில் தேயிலை வியாபாரம். அங்குள்ள இலக்கிய மன்றத்துக்குத் தலைவர். "ஐப்பசிக் கூட்டத்துல நீங்க பேசுங்க. பேச்சு நல்லா இருந்தா ஆபீஸ்ல பாத்துக்கலாம்," என்று சொல்லியிருந்தார்.

எனவே மூன்று மாதம் படித்தேன். சால் என்றால் நிறைதல். அதிலிருந்து சால்பு, சான்றோர். சால் என்பது பெரிய நீர்ப்பானைக்கும் பெயர். பழைய பாட்டுகளில் போர்வீரனும் சான்றோன்தான். பிறகு புலவர்கள் சான்றோர் ஆனார்கள். பிறகு குணம் நிறைந்தவர்கள். பிறகு குணம் இருக்கிறதோ இல்லையோ, உயரத்தில் இருந்தவர்கள் எல்லோரும். இந்தக் கடைசிப் படியை நான் பேச்சில் சேர்க்கவில்லை. கேட்க வருகிறவர்கள் உயரத்தில் இருப்பவர்கள்.

முந்தின நாள் மாலை மருதாம்பாளிடம் படித்துக் காட்டினேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

"நெறைஞ்சவங்கன்னா, எதுல நெறைஞ்சவங்க?"

"குணத்துல."

"வயித்துலன்னு நெனச்சேன்," என்றாள்.

கலையுணர்வு இல்லாதவள் என்று அவளை மன்னித்தேன்.

அன்று எட்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டேன். கண்ணாடி முன்னால் நின்று கையை எங்கே வைப்பது என்று பழகிக்கொண்டிருந்ததில் நேரம் போயிற்று. பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கோட்டு, குடை, கையில் உரை.

குவார்ட்டர்ஸிலிருந்து பஸ் ரோட்டுக்கு ஒற்றையடிப் பாதை. இரண்டு பக்கமும் தேயிலை. பாதை ஓரமாகத் தண்ணீர் வடிய வெட்டிய கான். ஒரு ஆள்தான் நடக்கலாம். எதிரே ஸ்டாஃப் வந்தால் லைன் ஆட்கள் பாதையை விட்டுச் செடிக்குள் இறங்கி நிற்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் குடையையும் மடக்கச் சொல்வார்களாம். நாங்கள் அந்த வழக்கத்தை விட்டுவிட்டோம். அதைப் பற்றி எங்களுக்குப் பெருமை உண்டு.

மழை தூறிக்கொண்டிருந்தது. இலைக்கு எடை போடும் கொட்டகை எனக்குப் பின்னால், ஃபேக்டரிப் பக்கம் இருந்தது. மேட்டுப் பாத்தியில் பறித்துவிட்டு நாலு பெண்கள் மூட்டையோடு அதற்குப் போவதற்காகப் பாதையில் எதிரே வந்தார்கள். தலையில் இலை மூட்டை. முதுகில் பிளாஸ்டிக் தாள். இடுப்பில், சேலை நனையாமல் இருக்கக் கட்டும் படங்குச் சாக்கு. முகங்கள் மூட்டைக்குக் கீழே.

நான் வருவதைப் பார்த்ததும் முதல் இரண்டு பேர் இறங்கிவிட்டார்கள். மூன்றாவது ஆள் இறங்கவில்லை. பாதை நடுவில் நின்றாள்.

ஃபேக்டரி மூடி ஒன்பது மாதம். அவர்கள் யாரும் எனக்குக் கீழே வேலை பார்க்கவில்லை. யாருக்கும் கீழே நானும் வேலை பார்க்கவில்லை. இதெல்லாம் அந்த இடத்தில் ஞாபகம் வராது.

"ஏய், ஒதுங்கு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் இன்னும் ஒரு கணம் நின்றாள். பிறகு இறங்கினாள். கால் கானுக்குள் சறுக்கியது. முழங்கால் கல்லில் இடித்த சத்தம் கேட்டது. மூட்டை சாய்ந்து பச்சை இலை சேற்றில் கொட்டியது. பிளாஸ்டிக் தாள் விலகியது. மெரூன் கை. முழங்கையில் நீல இழை.

என் ஸ்வெட்டர்.

எனக்கு எரிச்சல் வரவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், நெஞ்சு நிறைந்தது. அந்தக் குளிரில் என் வீட்டுத் துணி ஒரு ஏழையைக் காக்கிறது. பேச்சில் எனக்கு ஒரு உதாரணம் குறைந்தது. அது பாதையிலேயே கிடைத்துவிட்டது.

"பாத்து, மூக்கம்மா," என்றேன். அவ்வளவு கருணையோடு நடந்தேன்.

எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். இருமலாக இருக்கும் என்று நினைத்தேன்.

மன்றத்தில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். டீ கொண்டுவந்தவரையும் சேர்த்து. சொல்லின் வேரைச் சொன்னேன். பானையைச் சொன்னேன். வீரனைச் சொன்னேன். இரண்டு பேர் தூங்கினார்கள். பிறகு காகிதத்தைக் கீழே வைத்தேன்.

"இன்று காலை நான் வரும் வழியில், சுமையோடு ஒரு கூலிப் பெண் எனக்கு வழிவிட்டு நின்றாள். அவள் உடம்பில் இருந்தது என் ஸ்வெட்டர். என் மனைவி எனக்குக்கூடச் சொல்லாமல் கொடுத்தது. எங்களுக்கே இன்று இல்லாத காலம். ஆனால் நிறைந்தவர்கள் இல்லாத காலத்திலும் கொடுப்பார்கள். அதுதான் சால்பு."

தூங்கியவர்களும் கை தட்டினார்கள். சிவகுரு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கடைசி வரிசையில் பவுல்ராஜ் எழுந்தார். அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு கூட்டத்திலும் எழுபவர்.

"ஒரு சந்தேகம் சார். அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"எந்தம்மா?"

"ஸ்வெட்டர் போட்டிருந்தவங்க."

"ஒண்ணும் சொல்லலீங்க."

"நீங்க ஏதாச்சும் கேட்டீங்களா?"

"பஸ்ஸுக்கு நேரமாயிருச்சு."

"சரி சார். தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்," என்று உட்கார்ந்தார். யாரோ சிரித்தார்கள். சிவகுரு எழுந்து எனக்குப் பொன்னாடை போர்த்தினார். போர்த்தும்போதே காதோரம் சொன்னார்.

"திங்கக்கெழம பதினோரு மணிக்கு வந்துருங்க, கீர்த்திவாசன். கடுதாசி எழுத உங்களமாதிரி ஆளுதான் வேணும்."

பொன்னாடையை மடிக்காமல் கையில் போட்டுக்கொண்டே வீடு வந்தேன். ஐந்தரை மணி இருக்கும். முன்கதவு திறந்திருந்தது. அடுப்படியில் பேச்சுக் குரல்.

முதலில் என் கண்ணில் பட்டது மூக்கம்மா. எங்கள் அடுப்படியில், எங்கள் மணைப்பலகையில் உட்கார்ந்திருந்தாள். சிலோனிலிருந்து திரும்பி வந்து இருபத்தைந்து வருடமாக லைனில் இருப்பவள். இருபது வருடமாக எங்களுக்கு விறகு கொண்டுவருபவள். பின்வாசலோடு நிற்பாள். யாரும் அவளை நிற்கச் சொன்னதில்லை, அவளாக நின்றுகொள்கிறாள் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

"நீ எப்படி இங்க வந்தே?" என்றேன்.

"நடந்துதாங்க ஐயா."

"முன்வாசல்ல வந்தோமுங்க," என்றாள் மருதாம்பாள். "பின்படி என்னால ஏற முடியல. அவதான் தோள் குடுத்தா."

அப்போதுதான் மருதாம்பாளின் முழங்காலைப் பார்த்தேன். வீங்கி நீலம் பாரித்திருந்தது. மூக்கம்மா துணியில் கட்டிய சூடான உப்பால் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னாச்சு?"

"கான்ல வுழுந்துட்டேன்."

"எந்தக் கான்ல?"

அடுப்புக்கு மேலே கட்டிய கயிற்றில் என் ஸ்வெட்டர் காய்ந்துகொண்டிருந்தது. சேறு அலசியும் போகவில்லை. கையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் தரையில் விழுந்தது.

நான் மெதுவாகப் புரிந்துகொள்பவன். அகராதி இல்லாமல் இன்னும் மெதுவாக.

"இது மூக்கம்மாளுக்குக் குடுத்ததல்ல?"

"அவ ஊட்ல வெச்சிருந்தனுங்க. படங்கும் கூடையும் அங்கதான். காத்தால போயி மாத்திக்குவேன்."

"எத்தன நாளா?"

"எல பறிக்கறது ஆனியிலருந்து. ஸ்வெட்டரு இந்த மாசந்தான்."

"அப்பத் தையலு?"

"ஊசியும் நூலும் வெச்சுட்டுச் சுவாதியப் படிக்க வெக்க முடியுங்களா?"

மூக்கம்மா துணியை மறுபடி அடுப்புச் சட்டியில் வைத்தாள். "நல்லா நிரை புடிச்சு எல பறிக்கிறாங்க ஐயா. மொத மாசம் கை ஓடல. இப்ப எனக்குச் சமமா எடுக்கிறாங்க," என்றாள். என் மனைவியைப் பற்றி நல்ல சான்றிதழ் ஒன்றை எனக்கு அவள் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னையத் தெரியலீங்களா?" என்று மருதாம்பாள் கேட்டாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

"பனி," என்றேன்.

"அவ்வளவு பனி இல்லீங்களே ஐயா," என்றாள் மூக்கம்மா. "நாலாவது ஆளு நாந்தான். ஐயா அவங்களப் பாத்து எம்பேரச் சொன்னீங்க. எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. மன்னிச்சுக்கங்க."

"ஏன் நீ பேசல?" என்று மருதாம்பாளைக் கேட்டேன்.

"பேசியிருந்தா அங்கியே சத்தம் போட்டிருப்பீங்க. எட்டு மணிக்கே போயிருப்பீங்கன்னு நெனச்சேன். எதுக்க வந்ததும் கை காலு ஓடல. மொகத்தப் பாப்பீங்க, பாப்பீங்கன்னு நின்னேன். நீங்க ஒதுங்குன்னீங்க. செரி, பாக்கலன்னு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

ஒத்தடத் துணி பட்டதும் முகத்தைச் சுளித்தாள்.

"வுழுந்ததுக்கப்பறம் அந்த நிம்மதி இல்லீங்க. இருவத்திமூணு வருசமா இந்தப் பொம்பளைகளுக்கு இப்படித்தான இருந்திருக்கும்னு தோணுச்சு. நானும் உங்க பின்னால அந்தப் பாதையில நடந்தவதான. எனக்கும் அவங்க எறங்கி நின்னாங்க. நானும் ஒருத்தி மொகத்தையும் பாத்ததில்ல."

சொல்வதற்கு ஏதாவது வேண்டும். எனக்கு வேலை கிடைத்ததைச் சொன்னேன்.

அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைப் பார்த்தபோது நான் இன்னும் கொஞ்சம் சிறியவனானேன்.

"அப்பப் பேச்சு நல்லா இருந்துச்சாட்ட இருக்குதே. என்ன சொன்னீங்க?"

"சொல்லோட வேரு. அதுதான். உனக்குப் படிச்சுக் காட்டுனதுதான்."

"வேற ஒண்ணும் சேக்கலீங்களா?"

"இல்ல."

பொன்னாடையைக் கட்டில்மேல் வைத்தேன். காலையில் நான் கவிழ்த்த துணிகள் அங்கே மடித்து அடுக்கியிருந்தன.

மருதாம்பாள் சொல்லி மூக்கம்மா சாப்பிட உட்கார்ந்தாள். வீட்டில் மூன்று தட்டு. என் தட்டு அவளுக்குப் போயிற்று. சுவாதி சின்ன வயதில் சாப்பிட்ட தட்டு, விளிம்பில் வாத்துப் படம் போட்டது, எனக்கு வந்தது. அதிலேயே சாப்பிட்டேன். பசி இருந்தது.

திங்கட்கிழமை காலை மருதாம்பாள் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டாள். பிறகு கயிற்றிலிருந்து ஸ்வெட்டரை எடுத்து என் எதிரிலேயே போட்டாள்.

"இன்னமே எதுக்குப் போறே? எனக்குத்தான் வேல கெடச்சிருச்சல்ல."

"அது உங்க வேலைங்க. இது என்ர வேல."

"ஸ்டாஃப் ஊட்டுப் பொம்பள..."

"எந்த ஸ்டாஃபுங்க?" என்றாள்.

முன்வாசல் வழியாகப் போனாள். கூடை கையில் இருந்தது. மூன்றாம் நம்பர் குவார்ட்டர்ஸ் ஜன்னல் திறந்து மூடியது. அந்த ஜன்னலுக்குப் பின்னால் நடக்கும் பேச்சு எனக்குத் தெரியும். அதே பேச்சை நானும் பேசியிருக்கிறேன்.

பத்து மணி பஸ்ஸுக்கு நான் கிளம்பியபோது அதே தூறல். அதே பாதை. பாதி தூரத்தில் எதிரே நாலு மூட்டை. முன்னால் மெரூன் ஸ்வெட்டர். இலேசாக நொண்டினாள். அவளுக்குப் பின்னால் வந்த லைன் ஆள் கருப்பம்மா என்னைப் பார்த்தவுடன் பழக்கத்தில் ஒரு காலைக் கானுக்குள் வைத்துவிட்டாள்.

"ஏறு கருப்பம்மா," என்றாள் மருதாம்பாள், திரும்பாமல்.

கருப்பம்மா காலை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தாள். மருதாம்பாளின் முதுகைப் பார்த்தாள். பிறகு ஏறினாள்.

நாங்கள் எதிரெதிரே நின்றோம். மூட்டைக்குக் கீழே அவள் முகம் தெரிந்தது. குனிந்து பார்த்தால் நன்றாகவே தெரிகிறது.

"எடைக்கு நேரமாச்சுங்க," என்றாள். "சித்த ஒதுங்குங்க."

மரியாதையாகத்தான் சொன்னாள். நான் இறங்கினேன். கானில் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்பது அந்தத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் இருந்த எனக்கு அன்றுதான் தெரிந்தது. தேயிலைச் செடி இடுப்புவரை நனைத்தது. நாலு பேரும் என்னைக் கடந்து போனார்கள். கடைசியாக மூக்கம்மா. "பாத்துங்க ஐயா," என்றாள்.

ஆபீசில் சிவகுரு என் கால்சட்டையைப் பார்த்தார்.

"என்னங்க இது?"

"வழுக்கிருச்சுங்க."

"மலைப்பாதை. பாத்து வரோணும்," என்று என்னை மேசைக்கு அனுப்பினார். முதல் வேலையையும் கொடுத்தார். மன்றத்தின் ஆண்டு மலருக்கு என் உரையைத் தெளிவாக எழுதித் தர வேண்டும்.

"வேரு, பானையெல்லாம் கொறச்சுக்கலாம். ஸ்வெட்டர் மட்டும் அப்படியே இருக்கட்டும். அதுதான் உசுரு."

"அத எடுத்துட்டா என்னங்க? சொந்த விஷயம்..."

"அட, உங்க அடக்கத்த மலருக்கு அப்பறம் வெச்சுக்கங்க. உங்க ஊட்டுக்காரம்மா பேரு என்ன?"

"மருதாம்பாள்."

"பேரப் போடுங்க. அவங்கதான் சான்றோர். நாமெல்லாம் சும்மா பேசறவங்க."

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"வாங்குன பொம்பள பேரும் போடட்டுங்களா?" என்று கேட்டேன்.

"அது எதுக்கு? ஒரு கூலிப் பெண், போதும்."

காகிதத்தை எடுத்து வைத்தேன். பேனா நன்றாக எழுதியது. கொடுத்தவள் மருதாம்பாள் என்று எழுதினேன். வாங்கியவள் ஒரு கூலிப் பெண் என்று எழுதினேன். அவள் எனக்கு வழிவிட்டு நின்றாள் என்பதையும் விடாமல் எழுதினேன். மேசைக்கு அடியில் என் கால்சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கொடுத்தவளும் வாங்கியவளும் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால்தான் என்னைக் கானில் இறக்கிவிட்டு எடைக்குப் போயிருந்தார்கள்.